நர்சம்மா சொல்லிக்கொண்டுதான் இருந்தார்

ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுற்றுச்சுவரில் எழுதியிருப்பதை நாம் படித்ததில்லை. படிக்க முடியாதபடி நாமே செய்தும் வைத்திருக்கிறோம். கொசுப் படம் வரைந்து, இது பகலில் கடிக்கும் என்று பெயின்ட்டில் எழுதிய இடத்தில் காதணி விழா போஸ்டர். கைகழுவும் முறையைப் படம் படமாகக் காட்டிய இடத்தில் டியூஷன் சென்டர் விளம்பரம். ரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டினால் என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியலின் மேல், ஐம்பதைத் தொடாத ஒருவரின் கண்ணீர் அஞ்சலி. அகால மரணம் என்று போட்டிருக்கும். எதனால் என்று போட்டிருக்காது, ஊருக்குத் தெரியும். மிச்சமிருக்கும் சுவரோரம் வண்டி நிறுத்துகிறோம், சொல்லக் கூசும் வேறு காரியமும் செய்கிறோம்.

பிறகு ஒருநாள் காய்ச்சல் முற்றியோ கால்புண் பழுத்தோ பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, "இதெல்லாம் யாருமே நமக்குச் சொல்லலையே" என்கிறோம்.

சொன்னார்கள். நேரத்துக்குச் சொன்னார்கள், வாசலுக்கு வந்து சொன்னார்கள், காசு வாங்காமல் சொன்னார்கள். இந்தக் கடைசி ஒன்றுதான் நமக்கு ஒப்பவில்லை என்று நினைக்கிறேன். அதே வார்த்தையை ஐந்நூறு ரூபாய் கட்டி, டோக்கன் வாங்கி, ஏசி அறையில் இரண்டு மணி நேரம் காத்திருந்து கேட்டிருந்தால் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்போம்: "பெரிய டாக்டரே சொல்லிட்டார், உப்பைக் குறைக்கணுமாம்." சும்மா கிடைத்த வார்த்தைக்கு நம் வீட்டில் இடமில்லை. நகரத்தில் இருக்கும் நாம் இன்னும் ஒரு படி மேல். தெருமுனையில் நகர்ப்புற நலவாழ்வு மையம் இருப்பது நமக்குத் தெரியும். வீட்டுவேலை செய்ய வரும் அக்காவுக்கு உடம்பு முடியவில்லை என்றால் அங்கே போகச் சொல்லி வழிகாட்டுகிற அளவுக்குத் தெரியும்.

சமவெளியில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதில் ஒரு கிராம சுகாதார செவிலியர் என்பது கணக்கு. மலைப்பகுதி என்றால் 3,000 பேருக்கு. தாளில் எழுத எளிதாக இருக்கிறது. தடுப்பூசிப் பெட்டியை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு வெயிலில் நான்கு குக்கிராமம் சுற்றுகிறவரைக் கேட்டால் வேறு கதை சொல்வார். எந்த வீட்டில் யாருக்கு எத்தனையாவது மாதம், எந்தக் குழந்தைக்கு எந்தத் தவணை ஊசி பாக்கி, யார் மாத்திரையைப் பாதியில் விட்டார் என்பதெல்லாம் அவர் நோட்டில் இருக்கிறது. கூடப் பிறந்த தம்பிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று நமக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். அப்படிப்பட்டவரை நாம் பூச்சாண்டி ஆக்கினோம். "சாப்பிடலைன்னா நர்சம்மாவக் கூப்பிட்டு ஊசி போடச் சொல்லிடுவேன்" என்று சொல்லாத வீடு உண்டா? மூன்று வயதில் அவரைக் கண்டால் ஓடச் சொல்லிக்கொடுத்தோம். அந்தப் பிள்ளை முப்பத்தைந்து வயதில், அவர் பிரஷர் பார்க்க வரும்போது கொல்லைப்பக்கமாக நழுவுகிறது.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. பிரஷர் மாத்திரைக்கும் சுகர் மாத்திரைக்கும் மாதாமாதம் பஸ் ஏறிப் போய் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார். இதற்கு மேல் என்ன கேட்பது? மருந்து வாசல்வரை வந்துவிட்டது. வாசலிலிருந்து வாய்க்குப் போகிற தூரம் மட்டும் நம் பொறுப்பு.

அந்தத் தூரத்தில் என்ன நடக்கிறது என்பதை எந்த வீட்டிலும் பார்க்கலாம். டிவிக்குப் பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா, இல்லையென்றால் ஆணியில் தொங்கும் ஜவுளிக்கடைப் பை. அதற்குள் ரப்பர் பேண்ட் போட்ட அம்லோடிபின் அட்டைகள், மெட்ஃபார்மின் அட்டைகள். மாதாமாதம் காலியாகியிருக்க வேண்டும், சேர்ந்துகொண்டே போகின்றன. அடியில் தேதி முடிந்தவையும் கிடக்கும்.

"ஆயா, மாத்திரை போடுறீங்களா?"

"போடாம என்ன கண்ணு, தெனமும் போடுறேன்."

தன்னார்வலர் கையில் பட்டையைச் சுற்றி பட்டனை அழுத்துவார். மிஷின் உறுமி அடங்கி 170 என்று காட்டும்.

"இப்பத்தான் மாடு அவுத்துக்கிட்டுப் போச்சு. ஓடிப் புடிச்சேன், அதான்."

ஆயாவைக் குறை சொல்லிப் பயனில்லை. தலை சுற்றவில்லை என்றால் எதற்கு மாத்திரை என்று அவருக்குச் சொன்னது நாம். ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விடமுடியாது, கிட்னி போய்விடும் என்று பயமுறுத்தியதும் நாம். உண்மையில் கிட்னியைக் கெடுப்பது கட்டுக்கடங்காத பிரஷரும் சர்க்கரையும்தான். ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது, காட்டுகிற அன்று பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோதான் காட்டும் என்பதை செவிலியர் வருகிறபோதெல்லாம் சொல்கிறார். நாம் அப்போது, "எங்க தாத்தா தொண்ணூறு வயசுவரைக்கும் மாத்திரையைக் கண்ணால பார்த்ததில்ல" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். தாத்தா நாள் முழுக்க ஏற்றம் இறைத்தவர், மிக்சரைக் கண்ணால் பார்க்காதவர் என்பதைச் சேர்த்துச் சொல்லவில்லை. அவரோடு பிறந்த எத்தனை பேர் தொண்ணூறை எட்டவில்லை என்பதையும் சொல்லவில்லை.

தொற்றா நோய்களைப் பற்றி 2020இல் தமிழ்நாட்டில் நடந்த 'ஸ்டெப்ஸ்' ஆய்வின் எண்களை நிதானமாகப் படிக்க வேண்டும். ரத்த அழுத்த நோய் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம். சர்க்கரை நோய் உள்ளவர்களில் 10.8 சதவீதம். நூறு பேரில் ஏழு பேர், பதினோரு பேர். பத்தாம் வகுப்புத் தேர்வில் ஒரு பள்ளிக்கூடம் இப்படித் தேர்ச்சி காட்டியிருந்தால் கேட்டை இழுத்துப் பூட்டியிருப்போம். மருந்து இல்லை என்று சொல்லித் தப்பிக்கவும் நமக்கு வழி குறைவு. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்து வாங்கிப் பகிர்ந்தளிக்கும் முறையைப் பிற மாநிலத்தார் வந்து பார்த்துப் பாடம் படித்துப் போனார்கள். அந்த மருந்தைச் சாப்பிட வேண்டிய நாம் மட்டும் படிக்கவில்லை.

சர்க்கரை விஷயத்தில் நம் சாமர்த்தியம் தனி. ரத்தப் பரிசோதனைக்கு முந்தின இரண்டு நாள் களியும் கோதுமை ரவையும், விடிகாலையில் வெண்டைக்காய் ஊறிய தண்ணீரும். ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் எதிர்க்கடையில் இரண்டு போண்டா, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. "நார்மல்தான் வந்திருக்கு" என்று வீட்டுக்கு போன். இந்தத் தகிடுதத்தம் செல்லாத ஒரு பரிசோதனை இருக்கிறது: சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி. அதை எடுக்கச் சொன்னால் வீண்செலவு என்கிறோம். டாக்டரை ஏமாற்றிய சந்தோஷத்தில் வீட்டுக்கு வருகிறோம். டாக்டர் பாட்டுக்கு நிம்மதியாகத் தூங்குகிறார். நம் கண்ணின் விழித்திரையும் கால் நரம்பும் அந்த மூன்று மாதக் கணக்கைத்தான் வைத்திருக்கின்றன.

2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றும், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் விளிம்பில் நிற்கிறார்கள் என்றும் மதிப்பிட்டது. விளிம்பில் நிற்பவர்களுக்குத்தான் சுகாதார நிலையத்தின் அறிவுரை அதிகம் உதவும். நடை, தட்டில் சோற்றின் அளவு, இடுப்புச் சுற்றளவு என்று அதில் இருப்பதெல்லாம் செலவில்லாத விஷயம். அவர்கள்தான் அந்தப் பக்கம் தலைவைப்பதே இல்லை. நமக்கு நோய் வந்தால்தான் ஆஸ்பத்திரி. நோய் வராதிருக்க அங்கே போகிறவரைப் பார்த்தால், "என்னாச்சு?" என்று பதறுகிறோம். "சும்மா செக்கப்" என்று அவர் சொன்னால் நம்புவதும் இல்லை.

உப்பைப் பற்றியும் சொல்லிவிடலாம். ஒரு நாளைக்கு ஆளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்; ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய், சாயந்திர மிக்சர் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அந்த ஒரு டீஸ்பூன். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று வளர்ந்தவர்கள் நாம், அந்தப் பழமொழியைக் காட்டியே நர்சம்மாவின் வாயை அடைத்தோம்.

கொசுவுக்கு வருவோம். கொசு ஒழிப்புப் பணியாளர் கையில் டார்ச்சோடு வருகிறார். அவர் கேட்பது மிகச் சின்ன விஷயம்: ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டைப் பார்க்க வேண்டும், மொட்டைமாடித் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். நாம் கேட்டருகிலேயே நிறுத்திவிடுகிறோம். "எங்க வீட்டுல கொசுவே இல்லீங்க, நேத்துதான் கழுவினோம்." அவர் நாள்கூலிக்கு வருகிறவர். சண்டை போடத் தெம்பில்லை, சுவரில் தேதியை எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். ஒருவேளை அவர் பிடிவாதமாக உள்ளே வந்து அந்தத் தட்டை உருவினால் என்ன தெரியும்? தூசி படிந்த இரண்டு விரற்கடைத் தண்ணீர், அதில் டார்ச் வெளிச்சம் பட்டதும் நெளிந்து அடிக்குப் போகும் புழுக்கள். நாம் உடனே, "அட, இது போன வாரம் இல்லையே" என்போம். சரியாகத்தான் சொல்கிறோம். முட்டையிலிருந்து கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை என்று அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் பிறப்பதில்லை. நாம் குடிக்கப் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில் பிறக்கிறது. சாக்கடையைக் காட்டி ஊராட்சியைத் திட்டுவது நமக்கு வசதி, ஏனென்றால் சாக்கடை அரசாங்கத்துடையது, குடம் நம்முடையது. அதன் முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டியின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் காய்ந்தே கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதாது, பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். தேய்த்தோமா? புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்ற வந்தால் தண்ணீர் நாறும் என்று தடுத்தோம். 2017இல் தமிழ்நாட்டில் 23,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது, 65 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு. அந்த ஆண்டு பல ஊர்களில் புழு இருந்த வீடுகளுக்கும் கடைகளுக்கும் நோட்டீஸ் கொடுத்து அபராதம் போட்டார்கள். 1939இலேயே பொது சுகாதாரத்துக்கெனச் சட்டம் கண்ட மாகாணம் இது. நாம் என்ன செய்தோம்? கவுன்சிலருக்கு போன் போட்டோம்.

காய்ச்சல் வந்த பிறகும் அப்படித்தான். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நாட்கள்தான் அபாயமானவை. வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து சுருண்டு படுப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே வாருங்கள் என்று டாக்டர் சொல்லியனுப்புகிறார். நமக்குக் காதில் விழுவது பிளேட்லெட் எண்ணிக்கை ஒன்றுதான். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நான்காம் நாள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறோம். நடுவில் உடம்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிக் கொடுத்த வலிமாத்திரை ரத்தக்கசிவைக் கூட்டும் வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்பதும் சீட்டிலேயே சொல்லப்பட்டதுதான்.

நாய்க்கடியில் நாம் செய்துவருவது வெறும் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாதது. 2024இல் தமிழ்நாட்டில் பதிவான நாய்க்கடிகள் ஏறத்தாழ 4.8 லட்சம். அந்த ஆண்டில் ரேபிஸால் இறந்தவர்கள் 43 பேர். நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் காப்பாற்ற ஏறக்குறைய வழியே கிடையாது. அதற்கு முன்னால் தடுத்துக்கொள்ள வழி முழுக்கத் திறந்து கிடக்கிறது, அதுவும் இலவசமாக. முதல் மருந்து நம் வீட்டுக் குழாயடியிலேயே இருக்கிறது: சோப்பு, ஓடுகிற தண்ணீர், 15 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிய வீடு எது? இரண்டு நிமிடத்தில் பிள்ளை கத்தும், அக்கம்பக்கம் கூடிவிடும். ஒருவர் சுண்ணாம்போடு வருவார், ஒருவர் மஞ்சளோடு, இன்னொருவர் மிளகாய்த்தூளோடு. கழுவி வெளியேற்ற வேண்டிய கிருமியை உள்ளே வைத்து அப்பிவிட்டு, இரண்டு நாள் பத்தியத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

ஊசி என்றதும் தொப்புளைச் சுற்றிப் பதினாலு என்ற பழைய பயம் இன்னும் நம் பேச்சில் உயிரோடிருக்கிறது. அந்த ஆட்டுமூளைத் தடுப்பூசி நாட்டில் 2004ஆம் ஆண்டோடு நின்றுபோனது. நாய்க்கடிச் சிகிச்சைக்கென 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனம் இருக்கும் மாநிலத்தில், இருபது ஆண்டுக்கு முன் போன ஊசியைச் சொல்லி ஒருவரை ஒருவர் பயமுறுத்திக்கொண்டிருக்கிறோம். இப்போது அரசு மருத்துவமனைகளில் போடுவது கையில், தோலுக்குள், கொசு கடித்ததுபோல ஒரு துளி. முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். ரத்தம் வருமளவு காயம் என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். முதல் மூன்றையும் பயத்தில் ஓடிப் போய்ப் போட்டுக்கொள்கிறோம். 28ஆம் நாள் என்பது எந்த வேலை மும்முரத்திலோ கல்யாணத்திலோ போய்விடுகிறது. செவிலியர் போன் செய்தால் புது நம்பர் என்று எடுப்பதில்லை.

இதில் மிகவும் வெட்கப்பட வேண்டியது பிள்ளைகள் விஷயம். தெருநாய்க்குட்டியோடு விளையாடிப் பல் பட்ட பிள்ளை வீட்டில் வந்து சொல்வதில்லை. ஏன் சொல்ல வேண்டும்? "உன்ன யார்ரா அங்க போகச் சொன்னது" என்று முதுகில் ஒன்று விழும். பள்ளிகளுக்கு வருகிற சுகாதார ஆய்வாளர் பிள்ளைகளிடம், கடித்தாலும் கீறினாலும் வீட்டில் சொல்லுங்கள் என்கிறார். பெற்றோரிடம், சொன்னால் அடிக்காதீர்கள் என்கிறார். பிள்ளைகள் ஒருவேளை கேட்டிருப்பார்கள். அடியை நிறுத்துவது நம் கையில் இருந்தது, நாம் நிறுத்தவில்லை.

ஊசி போடாத டாக்டரை நாம் மதிப்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் ஆவி பிடியுங்கள், தண்ணீர் குடியுங்கள், மூன்று நாளில் சரியாகும், ஆன்டிபயாடிக் வேண்டாம் என்கிறார் சுகாதார நிலைய மருத்துவர். அதற்குப் பெயர் வைத்தியமே இல்லை என்று முடிவு செய்து, இடுப்பில் ஊசி போட்டு அனுப்புகிற இடத்துக்குப் போகிறோம். அங்கே என்ன ஊசி என்று நாம் கேட்பதில்லை, போடுகிறவர் சொல்வதில்லை. மாத்திரையை ஐந்து நாள் கொடுத்தால் இரண்டு நாளில் நிறுத்திவிட்டு, மீதியை அடுத்த முறைக்கோ பக்கத்து வீட்டுக்காரருக்கோ எடுத்துவைக்கிறோம். ஓஆர்எஸ் பாக்கெட்டின் கதை இதைவிடச் சின்னது, ஆனால் அதிலும் நாம்தான். பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும் என்று அட்டையில் இருக்கிறது. நாம் ஒரு டம்ளரில் கொஞ்சம் தட்டிவிட்டு, பாக்கெட்டை மடித்து உப்புஜாடிக்குப் பக்கத்தில் செருகுகிறோம். இல்லையென்றால் இலவசப் பாக்கெட்டை ஒதுக்கிவிட்டு, கடையில் அதே பெயரில் அட்டைப்பெட்டியில் விற்ற சர்க்கரைப் பானத்தை வாங்கி வயிற்றுப்போக்கில் கிடக்கும் குழந்தைக்குக் கொடுத்தோம். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று உத்தரவிட்டபோதுதான் பலருக்கு அது வேறு, இது வேறு என்றே தெரிந்தது. பேதியான குழந்தைக்கு 14 நாள் கொடுக்கச் சொன்ன துத்தநாக மாத்திரை, பேதி நின்ற அன்றோடு நின்றது.

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது நினைவிருக்கிறதா? பள்ளி பள்ளியாகப் போய் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குள் இருந்த பிள்ளைகளுக்குப் போட்டார்கள். ஊரில் பிறந்த நாளிலிருந்து நம்மைத் தெரிந்த செவிலியர் ஒருபக்கம் நின்று பாதுகாப்பானது என்றார். யார் அனுப்பினார் என்றே தெரியாத வாட்ஸ்அப் குரல்பதிவு இன்னொரு பக்கம். நாம் குரல்பதிவை நம்பி, அன்று பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு லெட்டர் எழுதினோம். படித்தவர்கள், பட்டணத்தில் இருப்பவர்கள்தான் இதில் முன்னால் நின்றோம். இலக்கை எட்ட முடியாமல் முகாமை நீட்டிக்க வேண்டியிருந்தது.

காசநோயைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளியைக் கொடுங்கள் என்ற ஒரு வரியை நாம் பார்க்காத பேருந்து நிலையம் கிடையாது. 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு ஒன்று, ஏழை வீடுகளிலேயே வைத்து மாத்திரை கொடுத்தாலும் சானடோரியத்துக்கு நிகராகக் குணமாகிறது, வீட்டாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்தில்லை என்று உலகத்துக்கே காட்டியது. அதே ஊர்க்காரர்களான நாம் இன்றும் நோயாளிக்குத் தனித் தட்டு வைக்கிறோம், பெண் பார்க்க வருகிறவர்களிடம் மறைக்கிறோம், ஆறு மாத மருந்தை இரண்டாம் மாதம் உடம்பு தேறியதும் விட்டுவிடுகிறோம்.

ஆண்களாகிய நாம் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் சுகாதார நிலையத்தில் பரிசோதனை செய்கிறார்கள். கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிச் சற்றுப் பொறுத்துப் பார்ப்பார்கள். நிறம் வெளுத்தால் மேல்பரிசோதனைக்கு அனுப்புவார்கள். சில நிமிட வேலை. செவிலியர் வந்து கூப்பிடும்போது, "அதெல்லாம் அவளுக்கு ஒண்ணுமில்ல" என்று திண்ணையிலிருந்து பதில் சொன்னது நம் குரல். அவள் வாய் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட்டோம்.

பத்திரிகையில் எழுதுகிற நாமும் இந்த வரிசையில் வந்து நிற்க வேண்டும். ரோபோ வைத்துச் செய்த அறுவைச் சிகிச்சைக்கு வண்ணப்படத்தோடு இரண்டு பக்கம் கொடுத்தோம். ஓஆர்எஸ் முகாமுக்கு, கலெக்டர் தொடங்கிவைக்கும் படமும் கீழே நான்கு வரியும். அந்த நான்கு வரியில் ஓஆர்எஸ்ஸை எப்படிக் கலக்குவது என்பது இருக்காது. யார் யார் முன்னிலை வகித்தார்கள் என்பது இருக்கும்.

சுகாதார நிலையத்திலும் குறை உண்டு. டாக்டர் கேம்ப் போயிருப்பார், ஒரு மருந்து ஸ்டாக் இருக்காது, துணை நிலையம் பூட்டிக் கிடக்கும், ஒரே செவிலியர் இரண்டு இடத்தைப் பார்ப்பார். சில துண்டறிக்கைகளின் தமிழ் அலுவலகக் கோப்பிலிருந்து அப்படியே இறங்கி வந்ததுபோல் இருக்கும். இவற்றை நாம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்டதில்லை என்பதுதான் உண்மை. அங்கே போகாதவர்களுக்கு அங்கே என்ன குறை என்று எப்படித் தெரியும்? 2009இல் வந்த காப்பீட்டுத் திட்டத்தின் அட்டையை லேமினேட் செய்து பீரோவில் பத்திரப்படுத்தியிருக்கிறோம், அறுவைச் சிகிச்சைக்கு உதவும் என்று. பிரஷர், சர்க்கரை அளவு குறித்துக் கொடுத்த சின்ன நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் பால்கணக்கு எழுதுகிறோம்.

கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அக்டோபர் 2ஆம் தேதிக் கூட்டம் மழைக்காலத்துக்குச் சற்று முன்னால் வருவதால் டெங்குத் தடுப்பும் பெரும்பாலும் ஒரு பொருளாக இருக்கும். நூறு நாள் வேலைச் சம்பளப் பாக்கி, எரியாத தெருவிளக்கு, டாஸ்மாக் கடை எல்லாவற்றையும் தொண்டை வறளக் கேட்டு முடித்திருப்போம், கேட்க வேண்டியவைதான். சுகாதார ஆய்வாளர் எழுந்து தொட்டியைத் தேய்ப்பதைப் பற்றி ஆரம்பிக்கும் நேரம் பார்த்து டீ வந்துவிடும். "சார், சீக்கிரம் முடிச்சுக்குங்க, எல்லாம் தெரிஞ்சதுதான்" என்று பின்வரிசையில் ஒருவர் சொல்வார், நாம் சிரிப்போம். அவரும் சிரித்துக்கொண்டே முடித்துவிடுவார். தீர்மானப் புத்தகத்தில் டெங்கு குறித்துப் பொதுமக்களுக்கு விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட்டது என்று ஒரு வரி ஏறும். அதன் கீழே வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம்.